நாலு வருஷ விரதம்

1

நம் காலனி குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதி அனுப்பச் சொல்லிச் செயலாளர் சார் போன் செய்திருந்தார். "ஆஸ்திரேலியா வாழ்க்கையைப் பத்தி எழுதுங்கம்மா. டிராம், கடற்கரை, கங்காரு, இப்படி ஏதாவது" என்றார். கங்காருவை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். லாரி அடித்துச் சாலையோரம் செத்துக் கிடந்தது. அந்தக் கதை அதோடு முடிந்தது.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். மெதுவாகத்தான் எழுத வரும். பிழை இருந்தால் சங்கத்துப் பிள்ளைகள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தை மட்டும் யாரும் திருத்த வேண்டாம்.

போன வாரம் இங்கே மெல்பர்னில் தமிழ்ச் சங்க விழா. சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள். கல்யாணமாகி வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாள் நம் குரோம்பேட்டைக்காரி. கரண்டியை அப்படியே நிறுத்தி, "என்னம்மா, இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா? நாளைத் தள்ளிப் போடாதீங்க" என்று நாற்பது பேர் காதில் விழக் கேட்டாள். அந்தப் பெண் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் வேறொரு முகத்தில் பார்த்திருக்கிறேன்.

"ஏம்மா, நீ சாம்பார் ஊத்த வந்தியா, அவ வயித்தை எட்டிப் பார்க்க வந்தியா?" என்று கேட்டுவிட்டேன்.

காரில் திரும்பி வரும்போது என் மகன், "அம்மா, இங்க அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்றான்.

"அவ பேசலாம், நான் பேசக் கூடாதா?"

பின் சீட்டில் இருந்த பேத்தி என்ன நடந்தது என்று அவனிடம் இங்கிலீஷில் கேட்டாள். அவன் இங்கிலீஷிலேயே சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு என்ன சொன்னான் என்று யாரும் சொல்லவில்லை. ஒன்பது வருடமாக அந்தக் காரில் நான் இப்படித்தான் உட்கார்ந்து வருகிறேன்.

கிழவிக்குக் கோபம் வந்துவிட்டது என்று இப்போது இங்கே எல்லாரும் பேசிக்கொள்கிறார்களாம். ஆமாம், வந்துவிட்டது. ஏன் வந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். என் மகள் வசுமதியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதும்மா. என் பேரையும் போடு. நான் என்ன திருடினேனா?" என்று சொன்னாள்.

2

வசுவை உங்களில் பாதிப் பேர் பாவாடை கட்டிய நாளிலிருந்து அறிவீர்கள். நம் மாடம்பாக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, பிறகு பி.காம். முடித்தாள். பம்மலில் கொடுத்தோம். மாப்பிள்ளை தியாகு ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் ஷிப்ட் வேலை. நல்ல பையன், அதிகம் பேசமாட்டான். அவன் அம்மாவும் இவர்களும் ஒரே வீடு. ஒரு ஹால், ஒரு படுக்கை அறை, ஒரு சமையலறை. சம்பந்தியம்மா ஹாலில்தான் படுப்பார்.

கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகியும் விசேஷம் ஒன்றும் இல்லை. நான் இங்கே இருக்கிறேன். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்தால் மூன்று மணி வரை வீட்டில் நானும் குளிர்சாதனப் பெட்டியும்தான். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். தெருவில் ஒரு காக்காய் கூடக் கத்தாது. சும்மா உட்கார்ந்திருக்கிறவளுக்கு என்ன வேலை? கவலைப்படுவதுதான் வேலை. இங்கே இந்திய மளிகைக் கடையில் பொங்கலுக்கு மாதக் காலண்டர் கொடுப்பார்கள். பிரதோஷம், சஷ்டி, கார்த்திகை, பௌர்ணமி என்று எல்லாம் கட்டத்துக்குள்ளே போட்டிருக்கும். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் வசுவுக்குப் போன் போடுவேன்.

முதலில் சஷ்டி இருக்கச் சொன்னேன். மூன்று மாதம் கழித்துப் பிரதோஷம். அப்புறம் வெள்ளிக்கிழமை. அடுத்த வருடம் பௌர்ணமி. யாரோ ஒருத்தி கோயிலில் சொன்னாள் என்று கார்த்திகையும் சேர்த்தேன். ஒவ்வொன்றையும் சொல்லும்போது எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கும். நான் இவ்வளவு தூரத்தில் இருந்தாலும் மகளுக்காக ஒன்று செய்துவிட்டேன் என்று ஒரு பெருமை. செய்தது நான் இல்லை, பட்டினி கிடந்தது அவள். அது அப்போது உறைக்கவில்லை.

அவளும் "சரிம்மா" என்பாள். அவ்வளவுதான்.

நம் வீடுகளில் விரதம் என்றால் சோற்றை விடுவது மட்டுமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். முதல் நாள் சாயந்திரமே தலைக்குக் குளித்துவிட்டால் அதற்கப்புறம் புருஷன் பெண்டாட்டி தனித்தனிப் பாய். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே நடக்கும். என் மாமியார் எனக்குச் சொல்லவில்லை, நான் வசுவுக்குச் சொல்லவில்லை. விரத நாளென்றால் அவள் பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து மாமியார் பக்கத்தில் படுத்துக்கொள்வாள்.

எனக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. சம்பந்தியம்மா வீடு நாமம் போடுகிற வீடு. திருநீர்மலைப் பெருமாள்தான் அவர்களுக்கு எல்லாம். ஆகவே அவர் தன் பங்குக்கு ஏகாதசி, சனிக்கிழமை என்று ஒரு வரிசை வைத்திருந்தார். நான் சொன்னது அவருக்குத் தெரியாது, அவர் சொன்னது எனக்குத் தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் "சரி" சொன்னவள் ஒருத்திதான்.

3

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே எனக்கு வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். முதலில் ஒரு படிவம். பெயர் எங்கே, குடும்பப் பெயர் எங்கே என்று இரண்டு கட்டம். என் பெயர் ஒன்றுதான், இரண்டாவது கட்டத்துக்கு நான் எங்கே போவேன்? செத்துப்போன என் வீட்டுக்காரர் பெயரை அதில் எழுதினார்கள். அன்றிலிருந்து இந்த ஊரில் என்னை அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கிறேன், அவர் வந்துவிட்டாரோ என்று.

டாக்டர் கேட்பதைத் தமிழில் சொல்லப் போனில் ஒரு பெண்ணைப் பிடித்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெண். மரியாதையாகப் பேசினாள். "அம்மா, உங்களுக்குக் கடைசியா எப்ப மாதவிலக்கு வந்தது எண்டு டொக்டர் கேக்கிறா" என்றாள். எனக்கு அறுபத்தெட்டு வயது! பக்கத்தில் மகன் நிற்கிறான். "வெட்கம் கெட்ட ஊரா இருக்கே" என்று கத்திவிட்டேன். அந்தப் பெண் அதையும் அப்படியே மொழிபெயர்த்திருக்க வேண்டும், டாக்டர் சிரித்தாள். மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் திட்டிக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கிறவர்களை வெட்கம் கெட்டவர்கள் என்றும், கேட்கக் கூடாத கேள்வியைச் சாம்பார் கரண்டியோடு கேட்கிறவர்களைப் பாசக்காரர்கள் என்றும் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

4

இந்த வருடம் பொங்கல் முடிந்து மூன்று மாதத்துக்கு ஊருக்கு வந்தேன். நம் வீட்டைத் திறந்து ஒட்டடை அடித்து வைத்துவிட்டுப் பெரும்பாலும் பம்மலில் வசுவோடுதான் இருந்தேன். விமானத்தில் வந்து இறங்கியவளை ஒவ்வொரு வாசலிலும் நிறுத்திக் கேட்டீர்களே, நினைவிருக்கிறதா? "பொண்ணுக்கு ஏதாவது உண்டா?" "யாருக்குக் குறையாம்?" "ஜி.எஸ்.டி. ரோட்டுல பெரிய ஆஸ்பத்திரி வந்திருக்கே, அங்க காட்டினீங்களா?" அவர்கள் அங்கேயும் காட்டியிருந்தார்கள். ரத்தம் எடுத்து, ஸ்கேன் எடுத்து, வசுவுக்கு ஒன்றும் குறையில்லை என்று ஒரு பைலைக் கையில் கொடுத்திருந்தார்கள். சித்திரை பிறந்ததும் ஊசி ஆரம்பிப்பதாகப் பேச்சு.

அப்போது வசுவுக்கு முப்பத்திரண்டு வயது. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிந்தது.

பம்மலில் அவள் தெருவுக்குக் கோவளத்திலிருந்து அஞ்சலை என்று ஒருத்தி மீன் கொண்டுவருவாள். பஸ்ஸில் வந்து இறங்கி, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். நான் வாசலில் நின்றிருந்தேன்.

"இன்னா பெரிமா, ஃபாரின்லேர்ந்து வந்துகீறியாமே. உன் பொண்ணு இன்னா இப்டி ஒணங்கிப் பூட்ச்சி? கருவாடு கணக்கா கீது."

"உனக்கு மீன் வித்தா ஆச்சு. போ."

"வஞ்சிரம் கீது, வாங்கிக் கொயம்பு வச்சுக் குடு. ஒடம்புல சத்து வேணாமா?"

"இன்னிக்கு விரதம்."

அவள் கூடையை இறக்கிவைத்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"திங்கக்கெயம வந்தேன், விரதம்னுச்சி. நேத்து வந்தேன், விரதம்னுச்சி. இன்னிக்கும் விரதம்ன்றே. நெதம் விரதம்னா அது எப்போ மீன் துன்றது, எப்போ புருசன் பக்கத்துல படுக்கறது? சாமியா வந்து புள்ள குடுக்கும்?"

எனக்கு வந்ததே கோபம். வீட்டு வாசலில் நின்று என்ன பேச்சு பேசுகிறாய், இனி இந்தத் தெருவில் கால் வைத்தால் பார் என்று விரட்டினேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு, "கோச்சுக்காத பெரிமா. எனக்கு நாலு கீது, ஒண்ணுக்குக்கூட நான் பட்டினி கெடக்கல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதவுக்குப் பின்னால் வசு நின்றிருந்தாள். அவள் சிரித்த மாதிரி இருந்தது. நான் அதற்கும் அவளைத் திட்டினேன்.

5

அந்த மாதம் வியாழக்கிழமை ஏகாதசி. மறுநாள் வெள்ளிக்கிழமை. அதற்கடுத்த நாள் சனிக்கிழமை, பிரதோஷமும் சேர்ந்து வந்தது. வியாழன் சம்பந்தியம்மாவுடையது, வெள்ளி என்னுடையது, சனி இரண்டு பேருக்கும். மூன்று நாளில் வசு வெள்ளிக்கிழமை காலையில் சாப்பிட்டது ஒரு வேளைதான். அப்படியே சனிக்கிழமை எங்கள் இரண்டு பேரோடும் திருநீர்மலைக்கு வந்தாள்.

மலைப்படியில் பாதி ஏறியிருப்போம். முன்னால் சம்பந்தியம்மா, பின்னால் நான், நடுவில் அவள். ஒரு சத்தமும் இல்லாமல் பக்கவாட்டில் சரிந்தாள். துளசி மாலை கையை விட்டு நாலு படி கீழே போய் விழுந்தது. நெற்றி கல்லில் இடித்துவிட்டது. யாரோ ஒரு பையன் தண்ணீர் தெளித்தான். அவள் கண்ணைத் திறந்து முதலில் சொன்ன வார்த்தை, "தண்ணி வாயில பட்டுடுச்சு. விரதம் போச்சா?"

இதை எழுதும்போதுகூட என்னையே நான் அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஆட்டோ பிடித்துப் பம்மலில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். வயதானவர். பிள்ளை பெறுவதற்கென்று தனியாகப் பார்க்கிற டாக்டர் இல்லை, காய்ச்சல் தலைவலிக்குப் பார்க்கிறவர். நெற்றிக்குக் கட்டுப் போட்டு, சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து, பிறகு எதிரில் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா சாப்பிடலை?"

வசு சொன்னாள்.

"எதுக்கு?"

நான்தான் பதில் சொன்னேன். "கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சு டாக்டர். குழந்தை இல்லை. அதுக்குத்தான்."

"நீங்க இருங்கம்மா. அவங்க சொல்லட்டும்" என்று கையை உயர்த்தினார். அப்புறம் வசுவைப் பார்த்து, "மாசா மாசம் சரியா வருதா?" என்றார்.

"வருது டாக்டர். இருபத்தொம்பது நாள், முப்பது நாள். அமாவாசையை ஒட்டி வந்துடும்."

"ரெண்டு பேரும் எந்தெந்த நாள் சேர்ந்து இருப்பீங்க?"

தலைக்கு மேலே ஒரு விமானம் போனது. சம்பந்தியம்மா மின்விசிறியைப் பார்த்தார். நான் என் புடவைத் தலைப்பைப் பார்த்தேன்.

"இவங்க ரெண்டு பேரும் வெளியில இருக்கட்டுமா?" என்று டாக்டர் கேட்டார்.

"வேணாம் டாக்டர்" என்றாள் வசு. "இருக்கட்டும். கேக்கட்டும்."

அவளே எழுந்து போய் சுவரில் மாட்டியிருந்த மருந்துக்கடைக் காலண்டரை எடுத்துவந்து மேஜையில் வைத்தாள். டாக்டரின் பேனாவை வாங்கிக்கொண்டாள். தனக்கு மாதவிலக்கு வந்த நாளுக்கு ஒரு வட்டம். அங்கிருந்து பத்தாம் நாளுக்கு விரலை நகர்த்தி, ஒவ்வொரு கட்டமாக அடித்துக்கொண்டே போனாள். "இது தசமி. மறுநாள் ஏகாதசி, அதனால முதல் நாளே ஹால்லதான். இது ஏகாதசி. இது துவாதசி, வெள்ளிக்கிழமை. இது பிரதோஷம், சனிக்கிழமை. இது பௌர்ணமிக்கு முதல் நாள். இது பௌர்ணமி." ஆறு கட்டம், ஆறு கோடு. "துவாதசி சில மாசம் வெறும் நாளா வரும் டாக்டர். அன்னைக்கு அவருக்கு நைட் ஷிப்டா இருக்கும். அமாவாசையை ஒட்டியே எனக்கு வர்றதால ஒவ்வொரு மாசமும் இதே கதைதான்."

டாக்டர் காலண்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உங்க கணக்குக்கு இந்தப் பத்துலேர்ந்து பதினஞ்சாம் நாள் வரைக்கும்தான் கரு உண்டாக வழி. இதுல ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்து இருந்தாலே போதும். மத்த நாள்ல நீங்க சேர்ந்தாலும் ஒண்ணுதான், சேராட்டாலும் ஒண்ணுதான்" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "நாலு வருஷமா குழந்தை இல்லைன்னு சொல்றீங்க. இவங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேம்மா."

போலிக் ஆசிட் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கர்ப்பம் தரித்த பிறகு இல்லை, இப்போதிருந்தே தினமும் ஒன்று. பட்டினி கூடாது, முட்டை, மீன், பருப்பு, கீரை எல்லாம் சாப்பிட வேண்டும். தைராய்டு பார்க்க வேண்டும். "அவரையும் ஒரு டெஸ்ட் குடுக்கச் சொல்லுங்க. பாதி வேலை அவரோடது. ஒரு ஆறு மாசம் இப்படி இருந்து பாருங்க. அப்பவும் இல்லைன்னா நானே நல்ல இடத்துக்கு அனுப்பறேன்."

மீன் என்று அவர் சொன்னபோது எனக்கு அஞ்சலையின் முகம் வந்து நின்றது. ஒரு மீன்காரிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று கூடச் சொல்ல முடியாது. சொன்னவளை விரட்டியடித்தேன்.

6

ஆட்டோவில் நான் வசுவைக் கேட்டேன். "உனக்கு இந்த நாள் கணக்கெல்லாம் முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்மா. அந்தப் பெரிய ஆஸ்பத்திரி பைல்லயே எழுதிக் குடுத்திருந்தாங்க. எந்த நாள்லேர்ந்து எந்த நாள் வரைக்கும்னு."

"பின்ன ஏன்டி சொல்லலை?"

"யார்கிட்ட சொல்றது? ஏகாதசி அன்னைக்கு நான் உள்ள போய்ப் படுக்கறேன்னு அத்தைகிட்ட சொல்றதா? பௌர்ணமி வேணாம்னு உன்கிட்ட சொல்றதா? ஒருதடவை சொன்னேன். 'உடம்பு முடியலைம்மா, ஒண்ணு ரெண்டு விடட்டுமா'ன்னு. நீ என்ன சொன்னே?"

எனக்கு நினைவிருந்தது. நம்பிக்கை இல்லாமல் செய்தால் எப்படிப் பலிக்கும் என்று கேட்டேன். ஆயிரக்கணக்கான மைல் தள்ளிச் சோபாவில் உட்கார்ந்துகொண்டு கேட்டேன்.

சாயந்திரம் தியாகு வேலையிலிருந்து வந்து, கட்டோடு அவளைப் பார்த்துவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். அப்போதுதான் எனக்கும் சம்பந்தியம்மாவுக்கும் சண்டை முற்றியிருந்தது.

"நான் என்ன அவளைக் கொல்லவா சொன்னேன்? பெருமாளைக் கும்பிடச் சொன்னேன்" என்றார் சம்பந்தியம்மா.

"கும்பிடச் சொன்னா சரி. மாசத்துல பாதியை உங்க பெருமாளே எடுத்துக்கிட்டாரே."

"மீதியை உங்க சிவன் விட்டுவச்சாரா? ஞாயித்துக்கிழமை ஆனா போன்ல புதுசா ஒண்ணு வருது. நான் என்னமோ கொடுமைக்காரி மாதிரி பேசறீங்க."

"நீங்க வீட்டுக்குள்ளேயே இருக்கீங்க. அவ பாயைத் தூக்கிட்டு வந்து உங்க பக்கத்துல படுக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

"உங்களுக்குக் காது இல்லையா? உடம்பு முடியலைன்னு பொண்ணு சொன்னது கேக்கலையா?"

பதில் இல்லாதபோது எனக்குக் குரல் இன்னும் உயரும். உயர்த்தினேன்.

"போதும்" என்றாள் வசு. அவள் கத்தவில்லை. "ரெண்டு பேரும் சாமி பேரைச் சொல்லி என் மாசத்தைப் பங்கு போட்டுக்கிட்டீங்க. எனக்கும் அவருக்கும் ஒருநாள் மிச்சம் வைக்கலை. இப்ப யார் பங்கு பெரிசுன்னு சண்டை போடறீங்க."

தியாகு வாயைத் திறந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "எங்களுக்குச் சேர்ந்து உக்காந்து பேசக்கூட நாள் இல்லை அத்தை. டெஸ்ட்தானே, நாளைக்கே குடுக்கறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே குடுக்கறேன்னு சொன்னேன். எங்க அம்மாதான், என் பையனுக்கு எதுக்கு டெஸ்ட்டுன்னாங்க."

சம்பந்தியம்மா அழ ஆரம்பித்தார். எனக்கு இரக்கம் வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் அழுதுகொண்டே அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. "வேண்டிக்கிட்டதைப் பாதியில விட்டா தெய்வக் குத்தம் ஆயிடுமே. அது குழந்தை மேல வந்தா என்ன பண்றது?"

வசுவின் முகத்திலும் அந்தப் பயம் ஓடியதைப் பார்த்தேன். படித்தவள்தான். ஆனாலும் நாங்கள் நாலு வருடம் ஊற்றி வளர்த்த பயம் அது, ஒரு டாக்டர் பேச்சில் போய்விடாது.

"விட வேணாம்" என்றேன். "நாம வாங்கிக்கலாம். நான் சொன்னதை நான் இருக்கேன். நீங்க சொன்னதை நீங்க இருங்க. இவளுக்கும் அதுக்கும் இனிமே சம்பந்தம் இல்லை."

மறுநாள் மாடம்பாக்கம் சிவன் கோயிலில் வசுவையும் கூட்டிக்கொண்டு போய் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்து, அவள் விரதத்தையெல்லாம் இன்றோடு நான் ஏற்றுக்கொண்டேன், பாக்கி ஏதும் இருந்தால் என்னிடம் கேட்டுக்கொள் என்று வாய்விட்டுச் சொன்னேன். குருக்கள், "உங்களுக்கு சுகர் இருக்கேம்மா" என்றார். "அதை நானும் சாமியும் பார்த்துக்கறோம்" என்றேன். சம்பந்தியம்மா திருநீர்மலைக்குப் போய்த் தன் பங்கை வாங்கிக்கொண்டார். தியாகு சித்திரை மாத ஊசித் தேதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சம்பந்தியம்மாவை எனக்குப் பிடிக்காவிட்டாலும். அடுத்த மாதம் தசமிக்கு முதல் நாள் காலையில் சம்பந்தியம்மா ஒரு பையில் இரண்டு புடவையை மடித்து வைத்துக்கொண்டு கிளம்பினார். கூடுவாஞ்சேரியில் அவர் தங்கை வீடு. "முழங்கால் வலிக்குது, அங்க ஒரு வைத்தியர் எண்ணெய் தேய்க்கறாராம். ஒரு வாரம் இருந்துட்டு வரேன்" என்றார். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. நானும் அன்றைக்கே மாடம்பாக்கத்துக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அதே நாட்களில் அவருக்கு முழங்கால் வலிக்கிறது.

7

என் கோபம் இன்னும் ஆறவில்லை. யார் மேல் என்று தனியாகச் சொல்ல முடியவில்லை. என் மேல்தான் முதலில். பதினேழு வயதில் எனக்குக் கல்யாணம், பத்தொன்பதில் பையன். கேட்காமலே வந்ததால் எப்படி வந்தது என்று நான் யோசித்ததே இல்லை. தெரியாத விஷயத்தில் நாலு வருடம் கட்டளை போட்டேன். அப்புறம் எல்லார் மேலேயும். "விசேஷம் உண்டா" என்று ஊரே கேட்டது. காய்ச்சல் பார்க்கிற ஒரு டாக்டர் கேட்ட ஒரு கேள்வியை எங்களில் யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்க வெட்கம், இதைக் கேட்க வெட்கமில்லை. இது என்ன நாகரிகம் என்று எனக்குப் புரியவில்லை.

அவர்கள் ஆரம்பித்து இப்போது ஏழு மாதம் ஆகிறது. குழந்தை பிறந்துவிட்டது என்று முடிப்பேன் என்று எதிர்பார்த்திருந்தால் மன்னிக்கவும். இன்னும் இல்லை. தியாகுவின் டெஸ்டில் கொஞ்சம் குறை தெரிந்தது. மாத்திரை சாப்பிடுகிறான். சிகரெட்டை விட்டுவிட்டான். ஆறு மாதம் முடிந்ததும் அந்த டாக்டர் சொன்னபடியே வேறொரு இடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து போய்வருகிறார்கள். பெரியவர்கள் யாரும் கூடப் போவதில்லை. அவளுக்குக் கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. வீடியோவில் பார்த்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "இந்த மாசமும் வந்துடுச்சும்மா."

எனக்கு உடனே வாயில் ஒரு வேண்டுதல் வந்துவிட்டது. பழக்கம். அவள் அதை எப்படிக் கண்டுபிடித்தாளோ.

"அம்மா, புதுசா எதையும் வேண்டிக்காதே."

"இல்லைடி."

"சத்தியமா?"

"சத்தியமா."

"சரி, வை. அவருக்குத் தோசை ஊத்தணும்" என்று போனை வைத்துவிட்டாள். அழவில்லை. முன்பெல்லாம் அந்த நாளில் அழுவாள்.

மலர் அச்சாகி உங்கள் வீட்டுக்கு வரும் வாரத்தில் நம் வீட்டைத் திறந்து பெருக்கித் தண்ணீர் தெளிக்க வசு மாடம்பாக்கம் வருவாள். வாசலில் நிறுத்திப் பேசுங்கள். காப்பி கொடுங்கள். நெற்றியில் தழும்பு எப்படி வந்தது என்று கேட்டால்கூடச் சொல்வாள். ஆனால் அவள் வயிற்றைப் பார்த்துக்கொண்டு ஒரு கேள்வியும் வேண்டாம். உண்டா இல்லையா என்று தெரியாமல் இருக்க முடியவில்லை என்றால் என் போன் நம்பர் செயலாளர் சாரிடம் இருக்கிறது. வாங்கிக்கொண்டு என்னைக் கேளுங்கள். எனக்கு இங்கே நிறைய நேரம் இருக்கிறது, பதில் சொல்ல வாயும் இருக்கிறது.